பதினேழுக்கு மேல்

கூத்தாநல்லூரில் உரக்கடை மாடியேறினால்
ஜுலைகா பீவியின் அறை.
பினாங்கில் பதினோரு வருஷம்
சீனத்து மருந்துக்கடையில் பொட்டலம் மடித்தவர்,
மடித்த கையோடு நாடியும் கற்றுக்கொண்டவர்.
சுவரில் ஒரு படம். புள்ளி புள்ளியாய் ஓர் ஆண் உடம்பு,
சுற்றிலும் ஐந்து பருவங்கள்.
பனி கொட்டும் பருவத்தின்மேல்
காலண்டர் தாளை வெட்டி ஒட்டியிருக்கிறார்: மார்கழி.
இலை உதிரும் பருவத்தின்மேல்: ஐப்பசி.
"அங்கே அப்போது காயும்,
இங்கே அப்போதுதான் ஊறும்.
படம் பொய் சொல்லவில்லை,
அதுக்கு நம்ம ஊரைத் தெரியாது."

நான் நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்.
குறுவை மூட்டை வரும்போது
இருமலும் வந்து வரிசையில் நிற்கும்.
ஈரப்பத மானியில் ஒரு பிடி போட்டு
எண்ணைப் படிப்பது என் வேலை.
பதினேழு வரை அரசாங்கம் வாங்கும்.
பதினெட்டு என்று சொல்லும் வாய்
இந்த வாய்தான்.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார்.
அழுத்தினார், விட்டார்,
மடையில் கைவிட்டு வரத்துப் பார்ப்பது போல.
நாக்கை நீட்டச் சொன்னார்.
"வெள்ளைப் படிவு. ஓரமெல்லாம் பல் தடம்.
ஈரம் ஏறிக் கிடக்குது தம்பி."
சிரிப்பு வந்தது, இருமலாக வெளியேறியது.
எவ்வளவு இருக்கும் என்றேன்.
"உங்க மெஷின்லயா? இருபத்திரண்டு.
பதினேழைத் தாண்டினா என்ன சொல்வீங்க?"
"காயவைத்துக் கொண்டுவாங்க என்பேன்."
"நானும் அதைத்தான் சொல்லப் போறேன்."

முழங்காலுக்கு நாலு விரல் கீழே
முடி மாதிரி ஓர் ஊசி.
மணிக்கட்டுப் பக்கம் இன்னொன்று.
தகரக் கூரையில் மழை.
"சீனத்துக் கணக்கில்
நுரையீரல்தான் துக்கத்தின் குதிர்.
யார் மூட்டை உள்ளே கிடக்குது?"

வடபாதிமங்கலம் அஞ்சம்மாளுடையது என்றேன்.
நாற்பத்து மூன்று மூட்டை, சாலையோரம், தார்ப்பாய்,
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் பாயைத் தூக்கினால்
உள்ளே பச்சை.
அவள் திட்டவில்லை.
ஒரு பிடி அள்ளி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.
முளைவிட்ட நெல்
மானியின் வாய்க்குள் இறங்காது.

"இருபத்திரண்டு வரை தளர்வு கேட்டு
டெல்லிக்குக் கடிதம் போயிருந்தது."
"வந்துச்சா?"
"வந்தது. பதினோராம் நாள்."

ஜுலைகா பீவி ஊசியைத் திருகவில்லை.
கொஞ்ச நேரம் மழையைக் கேட்டார்.

பிறகு ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எழுதினார்.
காய்ந்த கமலாத் தோல், சுக்கு, கொதிக்கவைத்து இரண்டு வேளை.
ஐப்பசி கார்த்திகை முழுக்க நீராகாரம் வேண்டாம்.
பிடரி காற்றின் வாசல், துண்டு போடணும்,
ஆடியிலும் போடணும்.
மார்கழியில் சூரியனுக்கு முன்னால் எழக்கூடாது.
"பஜனைக்காரர்கள் எழுகிறார்களே?"
"மோதினாரும் எழுறார். அது வேற கணக்கு."
கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு:
இருமல் மூன்று வாரம் தாண்டினால்
பெரியாஸ்பத்திரியில் சளி கொடுத்துப் பார்க்கவும்.
ஊசி போகாத இடமும் உண்டு.

மறுநாள் முதல் மூட்டை பதினெட்டு காட்டியது.
எண் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
வெளியே எட்டு நாளாகக் காணாத வெயில்,
பழைய வேட்டி போல ஒரு கீற்று.
சிமெண்ட் களத்தில் அது விழுந்த இடத்தில்தான்
என் மேஜை, நாற்காலி, பதிவேடு எல்லாம்.

"பிரித்து இங்கேயே கொட்டுங்க" என்றேன்.
மேஜையை நானும் சுமைதூக்கும் வீரபாகுவும்
சுவரோரம் நகர்த்தினோம்.
துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
மதியம் வரை நெல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்,
காலால் அவ்வப்போது கிளறிவிட்டபடி.

மூன்று மணிக்கு நெல் பதினேழு.
எனக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.